வழக்கமான முறை

எங்கள் ஆசிரியர் அறையில் அந்த டீச்சர் இருக்கும்போது எதையும் போகிறபோக்கில் சொல்லிவிட முடியாது. சொன்னால் மாட்டிக்கொள்வோம். பேருந்து நிலையத்துக் கடை டீக்கு முன்னால் கோயில் தெருக் கடை டீ நிற்கவே முடியாது என்று கணக்கு சார் ஒரு நாள் சொன்னார். மனிதர் வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மறுநாள் இடைவேளையில் டீச்சர் இரண்டு பிளாஸ்க்கோடு வந்து நின்றார். மேசைமேல் ஆறு காகிதக் கப்புகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் அடியிலும் பேனாவால் எண் எழுதியிருந்தது.

"குடிங்க சார். எது எந்தக் கடைன்னு நீங்களே சொல்லுங்க. பார்த்துடுவோம்."

கணக்கு சார் ஆறில் நான்கைத் தப்பாகச் சொன்னார். நாங்கள் சிரித்து உருண்டோம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு அது கேலி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தெரிந்ததும் நோட்டில் இரண்டு வரி எழுதிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். கணக்கு சார் ஒரு வாரம் என்னோடுகூடப் பேசவில்லை. நான் என்ன செய்தேன், பாவம், சிரித்தேன்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. மன்னார்குடிப் பக்கத்து அரசு உயர்நிலைப் பள்ளி என்று சொன்னால் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரியாதவர்களுக்குப் பெயர் எதற்கு?

அவரும் அறிவியல், நானும் அறிவியல். அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வருட சர்வீஸ். அவர் எம்.எட். முடித்துவிட்டு, வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தார். வகுப்பறையில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தினால் பிள்ளைகள் அறிவியலை நன்றாகக் கற்கிறார்களா என்பது ஆய்வு. சனிக்கிழமை ஆனால் தஞ்சாவூருக்கு பஸ் ஏறி நெறியாளரைப் பார்க்கப் போவார். பஸ்ஸில் இடம் இருந்தாலும் உட்கார மாட்டார், கம்பியைப் பிடித்தபடியே படிப்பார். ஏன் என்று கேட்டேன். உட்கார்ந்து படிப்பதையும் நின்று படிப்பதையும் ஒரு மாதம் மாற்றி மாற்றிப் பார்த்ததில், நின்று படித்ததுதான் மண்டையில் நின்றதாம். அப்படி ஒரு பிறவி.

பார்த்ததற்குக் கட்டுப்படுகிற பிறவியும்கூட. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. வகுப்பில் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் சமமாகத்தான் கேள்வி கேட்கிறேன் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். சொன்ன வாயோடு, பார்த்துடுவோம் என்று ஒரு மாணவியிடம் நோட்டைக் கொடுத்துக் கோடு போடச் சொன்னார். வாரக் கடைசியில் எண்ணினால், ஆண்பிள்ளைகளுக்குத்தான் கேள்விகள் கூடுதல். நானாயிருந்தால் அந்த நோட்டை அடுப்பில் போட்டிருப்பேன். அவர் மறுநாளே எல்லாப் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டார். அதிலிருந்து எந்தப் பெயர் வருகிறதோ அவருக்குத்தான் கேள்வி. அவர் எங்கள் பள்ளியில் இருந்தவரைக்கும் அப்படித்தான் நடந்தது.

ஒரே ஒன்றை மட்டும் அவர் சோதிக்க மாட்டார். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னால் அதை அப்படியே நம்புவார். "வயித்து வலி மிஸ்" என்று ஒரு பயல் நெளிந்தால் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். "ஏமாத்துறான் டீச்சர், வெளியில போயி பம்பரம் விடுவான்" என்பேன் நான். "அவன் வயிறு அவனுக்குத்தானே டீச்சர் தெரியும்" என்பார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

அவர் வகுப்பை நான் முதலில் எட்டிப் பார்க்கக் காரணம் சத்தம். எட்டாம் வகுப்பு ஏ பிரிவில் பிள்ளைகள் வீறிட்டுக் கத்தினார்கள். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று ஓடினேன். உள்ளே ஜன்னலெல்லாம் சாத்தி இருட்டாக இருந்தது. கூத்தாநல்லூர் பாய் ஒருவர், துபாயை விட்டு ஒரேயடியாக ஊர் திரும்பிப் பாத்திரக்கடை வைத்தவர், மகள் படிக்கிற பள்ளியென்று ஒரு புரொஜெக்டர் கொடுத்திருந்தார். டீச்சர் ஒரு லேசர் பொம்மை விளக்கை உடைத்து, அதிலிருந்த கடுகளவு லென்ஸை ஹேர்பின்னில் கவ்வ வைத்து, கைபேசிக் காமிராவின் மேல் ஒட்டியிருந்தார். கீழே கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர். பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் தண்ணீர். அந்தச் சொட்டுக்குள் இருந்தவை சுவரில் ஆட்டுக்குட்டி அளவுக்குத் துடுப்புப் போட்டுக்கொண்டு போயின.

"அய்யய்யோ மிஸ்! இதுலதான் காலைல பல்லு வெளக்கினேன்!"

"அப்ப இன்னிக்கு நீ அசைவம்!" என்றாள் பக்கத்துப் பெண். வகுப்பே அதிர்ந்தது.

நான் வாசலில் நின்றேன். பொறாமையாக இருந்தது, ஒளிப்பானேன். இருபத்து மூன்று வருடம் அமீபாவைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். நன்றாகவே வரைவேன், கலர் சாக்பீஸில் நான் வரைந்த இதயத்தை அழிக்க மனமில்லாமல் இரண்டு நாள் விட்டுவைத்த வகுப்புகள் உண்டு. ஆனால் ஒரு பிள்ளைகூட என் அமீபாவைப் பார்த்து இப்படிக் கத்தியதில்லை.

குறுவைக்குத் தண்ணீர் விட்ட வாரத்தில் அவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு தாள்.

"டீச்சர், ஒரு உதவி. எட்டாவது ஏ பிரிவுக்கு நான் இதையெல்லாம் வச்சு நடத்தறேன். பி பிரிவுக்கு நீங்க நடத்தணும். அதே பாடம். டிசம்பர்ல ரெண்டு பிரிவுக்கும் ஒரே கேள்வித்தாள். வித்தியாசம் வருதான்னு பார்க்கணும்."

"ரெண்டையும் நீங்களே நடத்தலாமே?"

"நான் போனா சும்மா இருப்பனா? என்னையறியாம அங்கயும் படம் காட்டிடுவேன். அப்புறம் எதோட எத ஒப்பிடறது? கைடும் அதான் சொன்னாங்க."

"சரி, நான் என்ன பண்ணணும்?"

"ஒண்ணுமே பண்ண வேணாம் டீச்சர். எப்பவும் பண்றத பண்ணுங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கட்டம் போட்டிருந்தது. ஏ பிரிவு: சோதனைக் குழு, தொழில்நுட்ப முறை. பி பிரிவு: கட்டுப்பாட்டுக் குழு, வழக்கமான முறை. என் பெயர் அந்த இரண்டாவது கட்டத்தில் இருந்தது. அடியில் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். சிரித்துக்கொண்டேதான் போட்டேன். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. என் சாக்பீஸ், என் இதயம், தொண்டை வற்றக் கத்திய இருபத்து மூன்று வருடம், எல்லாம் சேர்ந்து வழக்கமான முறை. ஒண்ணுமே பண்ண வேணாம். எனக்கு இப்படித் தைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார். தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலையில் ஒரு நாள், பாடம் கொஞ்சம் பின்தங்கிவிட்டது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு, பி பிரிவை மறுநாள் எட்டே காலுக்கு வரச் சொன்னேன். பின்பக்கத்துப் பழைய ஆய்வகத்தில் உட்காரவைத்தேன். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏ பிரிவு ஜன்னலில் தொங்கித் தொங்கிப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் வேறு எப்படி வருவார்கள்?

"அவங்களுக்குப் படம் இருக்கு. ஒங்களுக்கு நான் இருக்கேன். தோத்துடுவோமா?"

"மாட்டோம் மிஸ்!"

அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போனது. மறுநாளும் வரச் சொன்னேன். அப்புறம் தினமும். எட்டே காலிலிருந்து ஒன்பது மணிவரை, டீச்சரின் பஸ் வந்து சேர்வதற்குள் முடித்துவிடுவேன். கேள்வி எப்படி வரும், எப்படித் திருப்பிக் கேட்பார்கள், படத்தில் எந்தப் பாகத்தை விடக்கூடாது என்று பிழிந்து எடுத்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வருடம் நான் பாடம் நடத்தியதில்லை. "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றேன். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு, கட்டிக் காத்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு கூத்து அடித்திருக்கிறேனே என்று இப்போது நினைத்தால் கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? பி பிரிவைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுப்பார்கள். "எங்களுக்கும் படம் போடுங்க மிஸ்!" என்பார்கள். "டிசம்பர் வரைக்கும் பொறுத்துக்குங்கடா கண்ணுகளா, அப்புறம் எல்லாத்தையும் போட்டுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து நடையாய் நடப்பார். ஜன்னலுக்கும் அலமாரிக்கும், அலமாரிக்கும் ஜன்னலுக்கும்.

"நான் பண்றது தப்பா டீச்சர்? ஒரு படிப்புக்காக அம்புட்டுப் பிள்ளைங்கள ஒதுக்கி வச்சிருக்கேனே."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. சாப்பிடுங்க."

சாப்பிட மாட்டார். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி நடப்பார். ஐப்பசி மழையில் தினமும் கரண்டு போனது. புரொஜெக்டர் அணைந்தால் கைபேசியை வகுப்பு முழுக்கச் சுற்றிக்காட்டுவார், அதுவும் சார்ஜ் இல்லாமல் அணைந்தால் கரண்டு போன நேரத்தை நிமிஷக்கணக்கில் நோட்டில் குறிப்பார். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் நஷ்டம் என்று ஆய்வில் எழுத வேண்டுமாம். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என் எட்டே கால் வகுப்புக்குக் கரண்டு தேவைப்படவில்லை.

டிசம்பரில் தேர்வு வைத்தார். இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மார்க். சொல்லப்போனால் பி பிரிவு ஒரு மயிரிழை மேலே.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. இரண்டு வடை கூடுதலாகச் சாப்பிட்டேன். அவர் விடைத்தாள்களைத் திரும்பத் திரும்பத் திருத்தினார். பெயரை மறைத்துத் தமிழய்யாவிடமும் கொடுத்துத் திருத்தவைத்தார். அதே மார்க்தான் வந்தது. சனிக்கிழமை தஞ்சாவூர் போய்விட்டுத் திங்களன்று வந்தவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"கைடு என்ன சொன்னாங்க?"

"வித்தியாசம் இல்லன்னா ஆய்வு நிக்காது, அங்கங்க கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கங்கம்மான்னு சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன் டீச்சர். வந்தது வந்ததுதானே. பல்கலைக்கழகம் குடுத்ததுல இதுதான் கடைசி நீட்டிப்பு. இதே மார்க்க வச்சுத்தான் எழுதப் போறேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியல." கொஞ்சம் தயங்கினார். "நீங்க பி பிரிவுக்கு ஏதாவது கூடுதலா பண்ணீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் எகிறியிருப்பேன். சந்தேகத்தோடு கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். நான் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வதற்காக.

"வழக்கம்போலத்தான் டீச்சர்" என்றேன்.

எழுதிக்கொண்டார். "அப்ப சரி. ஒங்க வகுப்பு ஒங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பிஎச்.டி.க்குக் கடைசியில் எல்லோர் முன்னாலும் வாய்மொழித் தேர்வு நடக்கும். எங்கள் பள்ளியிலிருந்து நான்கைந்து பேர் தஞ்சாவூர் போனோம். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மேடையில் பேசினார். தொழில்நுட்பத்தால் பெரிய வித்தியாசம் இல்லை, நல்ல ஆசிரியர் வழக்கமான முறையில் நடத்தினாலே போதும், இதுதான் முடிவு. ஏழு வருடம் படித்த படிப்பில், தனக்குப் பிடித்த ஒன்று பயன்படாது என்று நிரூபித்துவிட்டு நின்றார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கட்டுப்பாட்டுக் குழுவோட வகுப்ப நீங்க நேர்ல கவனிச்சீங்களாம்மா?"

"இல்லைங்க சார். நான் உள்ள போனாலே பிள்ளைங்க படம் கேக்கும்."

"அப்ப வழக்கமான முறையிலதான் நடந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"அந்த டீச்சர் சொன்னாங்க சார். இங்கதான் உக்காந்திருக்காங்க." கையை நீட்டி என்னைக் காட்டினார். முகமெல்லாம் பெருமை.

அரங்கம் திரும்பிப் பார்த்தது. தேர்வாளர், "சொல்லுங்கம்மா" என்றார். எழுந்து நின்றேன். சொன்னால் அவருடைய ஏழு வருடம் அந்த இடத்திலேயே போய்விடும் என்று நினைத்தேன். அவருக்காகத்தான் சொல்லவில்லை என்று பிறகு பல நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். சத்தியமாக, அந்த நிமிஷம் நான் நினைத்தது என் மானத்தை மட்டும்தான்.

"வழக்கம்போலத்தாங்க சார் நடத்தினேன்."

கைதட்டினார்கள். அவர் டாக்டர் ஆனார்.

அடுத்த வாரம் புரொஜெக்டரைப் பெட்டியில் கட்டி, பாய் கடையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பாய் எனக்கு போன் போட்டார். "என்ன டீச்சர், ரிப்பேரா? சொன்னா சரிபண்ணித் தந்துடுவேனே. எம் மவ வீட்டுல அழுவுறா."

"ஏன் டீச்சர் குடுத்துட்டீங்க?" என்று அவரிடம் கேட்டேன்.

"பார்த்தாச்சே டீச்சர். பலன் இல்லாதத வச்சு எதுக்குப் பிள்ளைங்க நேரத்த வீணடிக்கணும்?"

பி பிரிவுக்குக் கொடுத்த வாக்கை மட்டும் காப்பாற்றியிருந்தார். பெட்டி கட்டுவதற்கு முன்னால் இரண்டு நாள் எல்லாப் படத்தையும் போட்டுக்காட்டிவிட்டுத்தான் கட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. சாக்பீஸும் கையுமாக என்னிடம் வந்தார். "எனக்கும் வரையச் சொல்லிக் குடுங்க டீச்சர். ஒங்க முறைதானே சரின்னு வந்திருக்கு." அவருக்கு வரைய வராது. தவளை வரைந்தால் உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆசிரியர் அறைச் சுவரோரம் சின்னப் பலகையை வைத்து, நான் இதயம் வரைய, அவர் பார்த்து வரைவார், அழிப்பார், மறுபடி வரைவார். நடக்கவே மாட்டேன் என்கிறாரே, உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறாரே என்று எனக்குப் பதறும். ஏ பிரிவைக் கடந்துபோகும்போது உள்ளே சத்தமே இருக்காது. பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். சொன்னால் என்ன செய்வார் என்றும் தெரியும். பார்த்ததற்குக் கட்டுப்படுகிறவர், நேராகப் போய்ப் பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். எனவே வாயை மூடிக்கொண்டேன். நல்ல காரணம் கிடைத்துவிட்டால் மூடிக்கொள்வது எவ்வளவு சுலபம்!

கலந்தாய்வில் அவருக்கு வேதாரண்யம் பக்கம், கோடியக்கரை போகிற வழியில் ஒரு பள்ளிக்கு மாறுதல் கிடைத்தது. நான்கு வருடம் ஓடிவிட்டது. இதற்கிடையில் எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. முதலில் அதைத் தொடவே மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிறகு ஒரு நாள், இதயம் துடிப்பதைப் போட்டுக்காட்டினேன். நான் வரைந்த இதயம் ஒருநாளும் துடித்ததில்லை. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து வந்து, "மிஸ், இந்தக் கதவு எப்ப மூடும்? இன்னொரு தடவ போடுங்க" என்றாள். மூன்று தடவை போட்டேன்.

போன மாசிமாதம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்துவிட்டுச் சொன்னார்.

"எங்க ஊர்க்காரங்க சிங்கப்பூர்ல இருக்கவங்க சேர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரேன்னாங்க டீச்சர். இதுல டாக்டர் பட்டம் வாங்கினவங்க நீங்கதான், நீங்களே சொல்லுங்கன்னு ஹெச்.எம். கேட்டாங்க. வேணாம், வேற எதுனா செய்யச் சொல்லுங்கன்னுட்டேன். நாமதான் பார்த்துட்டமே."

உப்பளத்துக்கும் கடலுக்கும் போகிறவர்களின் பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படிப்பவர்கள். அவர்களிடம் வேறு எது இருக்கிறது?

"டீச்சர், வேணாம்னு சொல்லாதீங்க" என்றேன். "அப்ப நான் வழக்கம்போல நடத்தல. காலைல வரச் சொல்லிக் கூட நடத்தினேன். ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

போனில் நோட்டைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"போன்ல வேணாம் டீச்சர்" என்றார். "சனிக்கிழமை வரேன். எழுதிக் குடுங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் நின்றார். முடி நிறைய நரைத்திருந்தது. காப்பி கொடுத்தேன், நின்றுகொண்டே குடித்தார். ஒரு வெள்ளைத் தாளை மேசையில் வைத்தார்.

"என்ன நடந்துச்சோ அத எழுதுங்க டீச்சர். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியிருக்கேன். இதையும் சேர்த்து வச்சு அனுப்பணும்."

"பட்டத்த எடுத்துட்டா?"

"எடுக்கலாம். தெரியல."

"ஏழு வருஷம் டீச்சர்!"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "நாலு வருஷமா நான் ஒரு பிள்ளைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி காட்டல டீச்சர்" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பேனாவை எடுத்தேன். அடுத்த வருடம் எனக்கு ஓய்வு. இந்தத் தாள் எங்கெங்கே போகும், யார் யார் படிப்பார்கள், துறையில் கூப்பிட்டுக் கேட்டால் என்ன ஆகும் என்று மனசு கணக்குப் போட்டது. 'மாணவர்களின் நலன் கருதி அவ்வப்போது சில கூடுதல் வகுப்புகள் எடுத்தேன்' என்று எழுதினேன். பொய் இல்லை என்று சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

அவர் தாளை வாங்கி, படிக்காமல், மடித்துப் பையில் வைத்தார்.

"படிச்சுப் பார்க்கலியா?"

"எதுக்கு? நீங்கதானே எழுதியிருக்கீங்க."

குத்திக்காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த முகத்துக்கு அது தெரியாது. வரேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தினேன். அவர் குடித்த தம்ளரைக் கழுவினேன். கழுவிய தம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நிற்பது உறைத்ததும் போட்டது போட்டபடி ஓடினேன். இந்த வயதில், தெருவில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். யாரோ, "என்னங்க டீச்சர், என்னாச்சு?" என்று கேட்டார்கள். பஸ் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் வேப்பமர நிழலில் நின்றிருந்தார்.

"அந்தத் தாளக் குடுங்க டீச்சர்."

எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். பெட்டிக்கடைப் பலகையில் வைத்து, எழுதியதை அடித்தேன். கீழே எழுதினேன். ஜூலை முதல் டிசம்பர் வரை, பள்ளி நடந்த ஒவ்வொரு நாளும், காலை எட்டே காலிலிருந்து ஒன்பது வரை. ஆய்வாளருக்குத் தெரியக்கூடாது என்று மாணவர்களிடம் சொன்னேன். ஆய்வாளர் கேட்டபோது பொய் சொன்னேன். வாய்மொழித் தேர்வில் மறுபடி பொய் சொன்னேன்.

பஸ் வந்து நின்றது. நீட்டினேன். இந்தத் தடவை அவர் படித்தார். நின்ற இடத்திலேயே, மெதுவாக, இரண்டு தடவை.

"காரணம் எழுதலியே டீச்சர். கேப்பாங்க."

வாங்கி எழுதினேன். 'தோற்றுப்போவேன் என்று பயந்தேன்.' நடத்துநர் விசில் அடித்தார். அவர் அதையும் படித்துவிட்டுப் படியில் ஏறினார். ஏறியவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்பவே சொல்லியிருந்தா நானும் காலைல வந்து ஒங்க வகுப்புல உக்காந்து கேட்டிருப்பேனே டீச்சர்" என்றார்.

பஸ் கிளம்பிவிட்டது.